கரைக்கு உடையவர் யார்?

பழுவூர் என்ற பெயரைக் கேட்டதும் நம் அன்பர்களில் பெரும்பாலோர்க்குப் 'பொன்னியின் செல்வ'னின் பெரிய பழுவேட்டரையர்தான் நினைவுக்கு வருவார். கல்கியின் கற்பனைக்கு அப்பாலும் பழுவேட்டரையர்களுக்கு உறுதியான வரலாறு உண்டு. முதற் பராந்தகன் காலத்திலிருந்தே சோழ அரச குடும்பத்தோடு மணவுறவு கொண்டிருந்த குறுநில மரபினர் அவர்கள். கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயில், மேலப்பழுவூர்ப் பசுபதீசுவரம், கீழையூர் இரட்டைக் கோயில்களான அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டுமென்ற ஆசையோடு நண்பர்கள் நால்வர் ஒரு மாசி மாதத்தில் கிளம்பிப் போனோம்.

கோயில்களைப் பற்றி எழுதத்தான் குறிப்பேட்டோடு போனேன். திரும்பி வந்தபோது குறிப்பேட்டின் பின்பாதி முழுவதும் ஒரு மண்கரையைப் பற்றியதாக இருந்தது.

கீழப்பழுவூரிலிருந்து சற்றுத் தள்ளி, எங்களோடு வந்த நண்பரின் உறவினர் ஒருவருக்குச் சொந்தமான நிலம் இருக்கிறது. அதன் மேட்டுப்புறத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கரை. மழைக்காலத்தில் ஓடிவரும் நீரை மறித்து, கீழே உள்ள வயல்களுக்குப் பாய்ச்சுவதற்காக அவருடைய பாட்டனார் காலத்தில் கட்டியதாம். ஊரார் அதை ஏரி என்றே சொல்கிறார்கள். பதிவேட்டில் அது பட்டா நிலம். கரைமேல் வரிசையாகச் சீமைக்கருவேல். நடுவில் பட்டுப்போன ஓர் ஆலமரம். உள்வாயில் நீர் வற்றி, கரிசல் மண் கை நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. கலிங்கின் வாயில் மீன் தப்பாமலிருக்கக் கட்டிய வலையும், அதில் சிக்கிய சருகும் செத்தையும் மண்ணுமாய் முழங்கால் உயரத்துக்கு மேடிட்டிருந்தது. கரைக்குக் கீழே, முன்பு நெல் விளைந்த இடத்தில், பத்துப் பன்னிரண்டு வீடுகள் புதிதாக எழும்பியிருந்தன.

"மராமத்துக்கு யாருகிட்ட போய்ச் சொல்றது தம்பி? பஞ்சாயத்துல கேட்டா பட்டா உங்க பேர்லதானே இருக்குங்கறாங்க. எனக்கு விவசாயமே போச்சு. இந்தக் கரையை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? வெட்டி விட்டுடலாமான்னு பாக்குறேன்" என்றார் அந்தப் பெரியவர்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கரைக்குக் கீழே கோலம் போட்டிருந்த வாசல்களைப் பார்த்தபோது அச்சமும் இருந்தது. ஒரு மண்கரையை உடைமையாகக் கொண்டவன் அதற்கு எந்த அளவுக்குப் பொறுப்பாளி? இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு இருக்கிறது. அது லண்டன் வரை போய் வந்த வரலாறு.

நம் ஏரிகளைக் கட்டியவர்கள் எல்லோரும் அரசர்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சோழகங்கம் போன்ற பேரேரிகளை நினைத்துக்கொண்டு நாம் அப்படிக் கருதிவிடுகிறோம். முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தருகே அமைத்த அந்த ஏரியின் கரை வடக்குத் தெற்காகப் பதினாறு மைல் நீண்டு கிடந்ததை 1855ஆம் ஆண்டின் தென்னிந்திய விவரச்சுவடி ஒன்று குறித்திருக்கிறது. கொள்ளிடத்திலிருந்து அறுபது மைல் நீளக் கால்வாய் அதற்கு நீர் கொண்டுவந்ததாம். அந்தக் குறிப்பு எழுதப்பட்ட காலத்தில் ஏரி பாழாகிக் காடு மண்டிக் கிடந்தது. பேரரசன் கட்டிய கரையாயினும் பேணுவார் இல்லையென்றால் அதுதான் கதி.

ஆனால் நாட்டிலுள்ள ஏரிகளில் பெரும்பாலானவை சிறியவை. அவற்றில் தனி மனிதர்களின் கொடைக்குப் பெரும்பங்கு உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் ஏரிகளின் உள்வாயில் இரட்டைக் கல்தூண்களாக நிற்கும் குமிழித்தூம்புகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றில் அதைச் செய்தளித்தவரின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். கொடை தனியாருடையது, பேணும் பொறுப்போ ஊருடையது. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலையால் தேர்ந்தெடுத்த அறுவரைக் கொண்ட ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. அவர்களுக்குப் பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவர் மறுமுறை குடவோலையில் இடம்பெற முடியாது. ஏரிப் பராமரிப்புக்கென்று ஏரிப்பட்டி என்ற பெயரில் நிலம் ஒதுக்கப்பட்டது. ஏரி ஆயம் என்ற தனி வரி இருந்தது. ஆண்டுதோறும் தூர் வாரி, அந்த வண்டலைக் கரைமேல் இடுவதற்காக ஓடங்களுக்கும் ஆட்களுக்கும் நிவந்தம் வைத்த கல்வெட்டுகளும் கிடைத்திருக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கரையைக் கட்டுவதற்கு ஒருமுறை பணம் போதும். பேணுவதற்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும். அந்த இரண்டாவது பணம் எங்கிருந்து வரும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, கல்லில் வெட்டிவைத்தார்கள். இந்த அறத்தைக் காப்பவன் திருவடி என் தலைமேல் என்ற கருத்தில் முடியும் கல்வெட்டுகளை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். பழகிப்போன அந்த வாய்பாட்டைச் சற்று நின்று யோசித்தால் வியப்பாக இருக்கிறது. கொடை கொடுத்தவன், தனக்குப் பின்னால் வரப்போகும் முகமறியாத மராமத்துக்காரனை வணங்குகிறான்.

இதே முறை வேறொரு வடிவத்தில் ஆந்திர, கன்னடப் பகுதிகளில் நீண்டநாள் நிலைத்திருந்தது. அதற்குத் தசபந்தம் என்று பெயர். ஒருவர் தம் செலவில் ஏரி கட்டினாலோ, பாழடைந்த ஏரியைச் சீராக்கினாலோ, அதன் பாசனத்தில் ஒரு பங்கு நிலமோ வருவாயோ அவருக்கு மானியமாகக் கிடைக்கும். பதிலுக்கு அவரும் அவர் சந்ததியாரும் அந்த ஏரியைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும். பேணாவிட்டால் மானியத்தை இழக்க நேரும். கடப்பை மாவட்டத்துப் போருமாமில்லாவில் 1369ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. விஜயநகர இளவரசர் பாஸ்கரர் ஏரி கட்டிய செய்தியைச் சொல்வது. நாள்தோறும் ஆயிரம் ஆட்களும் நூறு வண்டிகளும் உழைத்து இரண்டாண்டில் அந்த ஏரி முடிந்தது. நல்ல ஏரிக்குப் பன்னிரண்டு அங்கங்களையும், ஆகாத ஏரிக்கு ஆறு குற்றங்களையும் அக்கல்வெட்டு அடுக்குகிறது. கரையில் நீர் கசிவது அந்தக் குற்றங்களில் ஒன்று. இன்றைய பொறியாளர்கள் மண்ணணையைப் பார்க்கப் போனாலும் முதலில் தேடுவது கசிவைத்தான்.

கும்பினி ஆட்சி வந்தபின் நிலைமை மாறியது. ஏரி வாரியங்கள் போய்ப் பலகாலம் ஆகியிருந்தது. நிலத்தின் மிகுதியும் அரசிடம் அல்லது ஜமீன்தார்களிடம். நம் பகுதியிலேயே அரியலூர், உடையார்பாளையம் ஆகிய இரு பாளையங்களும் ஜமீன்களாயின. சென்னை மாகாணத்தின் பதினான்கு மாவட்டங்களில் சுமார் 43,000 ஏரிகள் செயல்படுவதாகவும், கரைகளின் மொத்த நீளம் 30,000 மைல் இருக்கலாமென்றும் பேர்டு ஸ்மித் என்ற பொறியாளர் 1850களில் கணக்கிட்டார். அந்தக் கரைகளுக்குக் குறுக்கே, அதே காலத்தில், புதிய கரையொன்று எழும்பிக்கொண்டிருந்தது. இருப்புப்பாதைக்கான மண்மேடுதான் அது. இரண்டும் மோதிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை.

அன்றைய வடஆர்க்காட்டுப் பகுதியில், இன்றைய சித்தூருக்கு அருகே, கார்வேட்டிநகரம் என்ற ஜமீன் இருந்தது. பெருமழையில் அந்த ஜமீனுக்குச் சொந்தமான ஏரிகள் உடைத்துக்கொண்டு, வெள்ளம் மதராஸ் ரயில்வே கம்பெனியின் பாதையையும் பாலங்களையும் சேதப்படுத்தியது. கம்பெனி ஜமீன்தார்மீது நட்டஈட்டு வழக்குத் தொடுத்தது.

கம்பெனியின் கையில் வலுவான ஆயுதம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலை முதலாளி ஒருவர் தம் ஆலைக்காக நீர்த்தேக்கம் கட்டினார். 1860இல் அந்த நீர் பழைய சுரங்கக் குழிகள் வழியே இறங்கிப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. 1868இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: தன் நிலத்தில் இயல்புக்கு மாறாக ஆபத்தான பொருளைக் கொண்டுவந்து தேக்கியவன், அது தப்பி வெளியேறினால், கவனக்குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நட்டத்துக்குப் பொறுப்பு. ரைலண்ட்ஸ் – பிளெட்சர் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்வது இதைத்தான். அந்த விதியை ஜமீன்தாருக்கும் பொருத்த வேண்டுமென்பது கம்பெனியின் வாதம்.

வழக்கு பிரிவி கவுன்சில் வரை போனது. 1874இல் வந்த தீர்ப்பு ஜமீன்தாருக்குச் சாதகம். நீதிபதிகள் சொன்ன காரணம்தான் நமக்கு முக்கியம். இங்கிலாந்தின் ஆலை முதலாளி தன் லாபத்துக்காக விரும்பித் தேக்கம் கட்டியவர். இந்தியாவில் ஏரி என்பது தொன்றுதொட்டு வரும் பாசன அமைப்பின் ஓர் உறுப்பு; ஆயிரமாயிரம் மக்களின் வாழ்வு அதைச் சார்ந்தது. ஜமீன்தார் நினைத்தாலும் அதை மூடிவிட முடியாது. நில உரிமையோடு சேர்ந்தே, அந்த ஏரியைப் பாதுகாத்துப் பழுதுபார்க்கும் கடமையும் அவர்மேல் சுமத்தப்பட்டிருக்கிறது. ஆகவே கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே அவர் பொறுப்பாவார் என்றார்கள்.

உத்தரமேரூரையோ போருமாமில்லாவையோ கண்டிராத அந்த நீதிபதிகள், ஏரி என்பது கைவிடும் உரிமை இல்லாத உடைமை என்ற நம் பழைய கருத்தைத் தம் மொழியில் சொல்லிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தீர்ப்புக்கு இன்னொரு முனையும் இருக்கிறது. கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியவர் பாதிக்கப்பட்டவர். ரயில்வே கம்பெனியாலேயே முடியாததை, வீடும் மாடும் இழந்த குடியானவர் எப்படி மெய்ப்பிப்பார்? கரையில் எலிவளை இருந்ததா, கலிங்கு அடைபட்டிருந்ததா என்பதற்கான சான்றை வெள்ளம் கரையோடு சேர்த்துக் கொண்டுபோய்விடும். உடைந்தபின் நீதி தேடுவதால் கரைக்கு ஆவது ஒன்றுமில்லை. உடையுமுன் பார்க்க ஆள் வேண்டும்.

அப்படிப் பார்க்கச் சொன்ன பழைய ஏற்பாடு குடிமராமத்து. அதைச் சட்டத்தால் தாங்கிப் பிடிக்க 1858இல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஊர் விருப்பத்தோடு செய்த வேலையை ஆணையால் செய்விக்கப் பார்த்தார்கள். அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 1876–78 தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன் ஏரிகள் அரசுக்கு வந்தன. தமிழ்நாட்டில் இன்று சுமார் 39,000 ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளவை பொதுப்பணித் துறை, பிறகு நீர்வளத் துறை என்றும், சிறியவை ஊராட்சி ஒன்றியம் என்றும் பிரிந்தன. 2007ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித் துறை ஏரிகளுக்காக வந்தது. 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசுத் திட்டமும் வந்தது. நாடு முழுமைக்கும் 2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தனியார் அணைகளும் அதில் அடங்கும். ஆனால் பதினைந்து மீட்டருக்கு மேல் உயரமானவை, அல்லது சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பத்து மீட்டருக்கு மேற்பட்டவை மட்டுமே அச்சட்டத்தின் கண்ணில் அணை.

நாங்கள் பார்த்த கரை இரண்டு ஆள் உயரம். இத்தனை சட்டங்களில் எதன் பட்டியலிலும் அது இல்லை.

சிறிய கரைதானே என்று நினைத்துவிட முடியாது. தனியார் மண்ணணைகள் உடைந்த கதைகளைப் படிக்கப் படிக்க, காரணங்கள் யாவும் எங்கோ பார்த்தவையாகவே இருக்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற மண்ணணை செல்வந்தர்களின் மீன்பிடி மன்றம் ஒன்றுக்குச் சொந்தமாக இருந்தது. அடிமதகுக் குழாய்களை முந்தைய உரிமையாளர் பெயர்த்து விற்றுவிட்டார். புதியவர்கள் மறுபடி போடவில்லை. வண்டி போக வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமலிருக்கக் கலிங்கில் கம்பித்தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31 அன்று பெய்த பெருமழையில் செத்தை அடைத்துக்கொண்டு, நீர் கரைமேல் வழிந்து, அணை உடைந்தது. கீழேயிருந்த ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் மாண்டார்கள். ஹவாய்த் தீவுகளில் 2006 மார்ச்சில் காலோகோ என்ற பழைய தனியார் மண்ணணை உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். கென்யாவின் சோலாயில் 2018 மே மாதத்தில் தனியார் பண்ணையின் அணை உடைந்து, நாற்பதுக்கும் மேற்பட்ட எளிய மக்கள் இரவோடு இரவாக மடிந்தார்கள். மீன் வலை கட்டிய கலிங்கை நான் கீழப்பழுவூரில் பார்த்துவிட்டு வந்தவன். ஜான்ஸ்டவுன் கதையை எனக்குத் தூரத்துக் கதையாகப் படிக்க முடியவில்லை.

மண்கரை எப்படி உடைகிறது என்பதை ஏரிப்பாசன ஊர்களின் நீர்க்கட்டிகள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். முதல் எதிரி கரைமேல் வழியும் நீர். கலிங்கு அடைபட்டால் நீருக்கு வேறு போக்கில்லை. கரையின் மிகத் தாழ்ந்த இடத்தைத் தேடி ஏறி, வெளிச்சரிவை அறுத்துக்கொண்டு இறங்கும். இரண்டாவது எதிரி உள்ளிருந்து வருவது. நண்டுவளை, எலிவளை, தூம்பின் கட்டுமானமும் மண்ணும் சேரும் இடம் ஆகியவற்றின் வழியாக நீர் மெல்லக் கசியும். கசிவு தெளிவாக இருக்கும்வரை அது அளவில் கூடுகிறதா என்று பார்த்துவந்தால் போதும். கலங்கல் நீராக வந்தால் கரையின் மண்ணையே அது உள்ளிருந்து தின்றுகொண்டு வருகிறது என்று பொருள்; உடனே ஊரை எழுப்ப வேண்டும். கரிசல் மண்ணுக்குத் தனிக்குணம் உண்டு. நனைந்தால் நீரை விடாது. காய்ந்தால் ஆழமாக வெடிக்கும். ஆகவே நீண்ட வறட்சிக்குப் பிறகு ஏரி முதன்முதலாக நிரம்பும் நாள்தான் ஆபத்து மிக்க நாள்.

மரமும் அப்படித்தான். பழு என்றால் ஆல் என்பார்கள். பழுவூரின் பெயரே ஆலமரத்தால் வந்தது, இறைவனும் ஆலந்துறையார். உயிருள்ள வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. மரம் பட்டுப்போனால் வேர் மட்கி, அது இருந்த இடம் கரைக்குள் குழாயாகிவிடும். அந்தப் பெரியவருக்குப் பட்ட ஆலமரத்தின்மேல் ஒரு பக்தி. அதை வெட்ட மனமில்லை என்றார். வெட்டினால் மட்டும் போதாது, வேரையும் தோண்டியெடுத்து, மண் போட்டு இறுக்க வேண்டுமென்று எங்களோடு வந்த பொறியாளர் நண்பர் சொன்னபோது பெரியவர் முகம் வாடிவிட்டது.

ஒரு கரை உடைந்தால் அதோடு முடிவதுமில்லை. நம் ஏரிகள் சங்கிலிபோல் ஒன்றின் கலிங்கு நீர் அடுத்ததற்குப் போகும்படி அமைந்தவை. மேலே இருக்கும் சிறிய கரையின் உடைப்பைக் கீழே இருக்கும் பெரிய கரை தாங்க வேண்டும். வெள்ளம் என்ன செய்யும் என்பதை இந்த வட்டாரத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1956 நவம்பர் 23 விடியலுக்கு முன், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன விரைவுவண்டி ஆற்றில் விழுந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். நேரடியாகத் தன் கையால் நேராத ஒன்றுக்கும் பொறுப்பு உண்டு என்பதற்கு எடுத்துக்காட்டாக இன்றும் சொல்லப்படும் அந்தச் செயல், பழுவூருக்குப் பக்கத்து மண்ணிலிருந்துதான் பிறந்தது.

அந்தப் பெரியவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பழைய முறையில் கரைக்கு உடையவனுக்குக் கடமை இருந்தது. கடமையைச் சுமக்க ஏரிப்பட்டியும் தசபந்தமும் ஊர் ஆட்களும் இருந்தார்கள். இன்று கடமை மட்டும் அவர் தலையில் தங்கியிருக்கிறது, சுமக்க உதவிய மற்ற யாவும் போய்விட்டன. வெட்டிவிடுவதும் தீர்வாகாது. நீர்வரத்து நிற்கப்போவதில்லை, அது வீடுகளுக்கு நடுவே புது வழி தேடும். அவருக்குத் தேவை பெரிய நிதியன்று. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசிக்கு முன் கரையை நடந்து பார்க்கும் ஒருவர், கலிங்கைத் திறந்து வைக்க இரண்டு ஆள், வெடிப்பை மூட நான்கு வண்டி மண், கீழே வீடு கட்டியவர்களும் சேர்ந்து பகிர்ந்துகொள்ளும் சிறு செலவு. ஊராட்சியின் பதிவேட்டில் அந்தக் கரைக்கென ஒரு வரி இடம்பெற்றாலே பாதி வேலை முடிந்தது.

கிளம்புமுன் நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து கலிங்கின் வலையை அறுத்து, செத்தையை வாரிப் போட்டோம். ஒரு மணி நேர வேலை. கீழே இருந்த வீடொன்றிலிருந்து ஒரு பெண்மணி குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "என்னங்க செய்யறீங்க?" என்று கேட்டார். சொன்னோம். அவர் கரையை அண்ணாந்து பார்த்தார். இத்தனை நாளும் அதைக் கரை என்றே நினைத்ததில்லை, ஏதோ மேடு என்று நினைத்திருந்தேன் என்றார்.

கோயில்களைப் பற்றிய கட்டுரையை அடுத்த முறை எழுதுகிறேன். உங்கள் ஊருக்கு மேற்புறத்திலும் இப்படி ஒரு மேடு இருக்கக்கூடும். அடுத்த ஐப்பசிக்குள் ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுங்கள்.